நூற்று எண்பத்தாறு ஊறுகாய் பாட்டில்கள்

1

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஏழு பேர். விரல் விட்டு எண்ணித்தான் எழுதுகிறேன். அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்று போன வாரம் எனக்குத் தபாலில் பதில் வந்திருக்கிறது. நடக்காத சம்பவத்தில் ஏழு பேர் எப்படி நின்றிருக்க முடியும்?

முதலாவது நான், சரஸ்வதி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங் பார்த்தவள். நிட்டிங் மெஷின் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு அவர் வேலையோடு ஜெர்மனிக்கு வந்து குடியிருக்கிறவள். இரண்டாவது என் அண்ணன் துரைசாமி, ஊறுகாய் போட்டு விற்கிறவர். மூன்றாவது என் மகள் நிவேதா, பன்னிரண்டு வயது, கழுத்தில் கேமரா. நான்காவது சம்பவம் நடந்த பனியன் கம்பெனியின் கேன்டீனைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த அந்தோணி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஐந்தாவது அதே கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறவர். பையர், அதாவது பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, போடுகிற சட்டமெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த வேலை. அவரைப் பிரபு என்று வைத்துக்கொள்கிறேன், அவர் பிழைப்பில் மண் விழ வேண்டாம். ஆறாவதும் ஏழாவதும் இரும்புக் கம்பியோடு டிரம் பக்கத்தில் நின்ற இரண்டு பீகார்க்காரர்கள். அவர்கள் பேரைக் கேட்காமல் வந்தது என் தப்பு.

வாட்ச்மேன் டீக்குப் போயிருந்தார். அவரைச் சேர்க்கவில்லை. இல்லாத ஒருவரை இருந்ததாக எழுதினால் இருந்த ஏழு பேரும் பொய்யாகிவிடுவோம்.

இடம், திருப்பூரில் முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் பின்வாசல். 2007, ஆடி மாதம். காலை பத்தரை மணி. பத்து மணியாக இருந்திருக்க வேண்டியது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது.

2

அண்ணன் ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் மட்டும்தான் போடுவார். பெரிய கொள்கை எல்லாம் கிடையாது. எலுமிச்சையும் உப்பும் தகரத்தை அரித்துவிடும். பிளாஸ்டிக்கில் நாள்பட்டால் எண்ணெயில் ஒரு வாடை ஏறும். கண்ணாடிதான் எதிலும் தலையிடாமல் இருக்கும். சத்துமாவு வந்த காலி பாட்டில்களைப் பழைய பேப்பர் கடைகளில் பொறுக்கி வாங்குவார். ஒன்று ஒரு கிலோ பிடிக்கும். நங்கை, அதாவது அண்ணன் மனைவி (எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்), அண்டாவில் வெந்நீர் காயவைத்து, சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, பிரஷ் விட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்பார். கூடமாட இரண்டு பெண்கள். அடுப்பெரிக்கப் பனியன் கம்பெனி வேஸ்ட் துணியும் தென்னை மட்டையும்.

பாட்டிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஊறுகாய் விலைக்கு மேலே பத்து ரூபாய் பாட்டில் காசு கட்ட வேண்டும். காலி பாட்டில் வந்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். நான் வாங்கினாலும் அப்படித்தான். கேன்டீன்களுக்கும் மெஸ்களுக்கும் மட்டும் நோட்டு. எத்தனை போனது, எத்தனை வந்தது, பக்கத்தில் கையெழுத்து. திரும்பாத பாட்டிலுக்குப் பத்து ரூபாய். பதினோரு வருஷமாக அந்த விலையை அவர் ஏற்றவில்லை. ஏற்றச் சொன்னால், "காசு வேண்டாம் சரசு, பாட்டிலு வந்தாப் போதும்" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மாங்காய் சீசனுக்கு முன்னால் எல்லாப் பாட்டில்களையும் வாங்கிச் சேர்த்து, அடியில் சிவப்பு எனாமல் பெயின்டில் ஒரு பொட்டு வைப்பார். அடுத்த வருஷம் அதன் பக்கத்தில் இன்னொன்று. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அதற்கு எத்தனை வயசு என்று தெரிந்துவிடும். சிலதில் ஒன்பது பொட்டு இருந்தது. மாசத்துக்கு ஒரு தடவை போய் வந்திருந்தால்கூட நூறு தடவைக்குமேல் ஊறுகாய் சுமந்த பாட்டில் அது. லேபிளில் எங்கள் அம்மா பேர். நாச்சம்மாள் ஊறுகாய்.

3

ஜெர்மனியில் நான் வேலை பார்ப்பது ஒரு பானக் கடையின் பின்கட்டில். கடை முன்னால் சுவரில் ஒரு துவாரம் இருக்கும். ஆட்கள் காலி பாட்டிலை அதில் வைப்பார்கள். மிஷின் அதைச் சுற்றிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொண்டு சீட்டுத் தரும். சீட்டைக் கொடுத்தால் காசு. பியர் பாட்டிலுக்கு எட்டு சென்ட், தயிர் வந்த கண்ணாடி பாட்டிலுக்குப் பதினைந்து. உள்ளே வருவதை ரகம் பிரித்து அடுக்குவது என் வேலை. அடுக்கியதை லாரி கொண்டுபோய், கழுவி, மறுபடி நிரப்பிக் கொண்டுவரும்.

முதல் நாள் பார்த்ததுமே எனக்கு அண்ணன் நோட்டு ஞாபகம் வந்தது. எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று சூப்பர்வைசரிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என்னமோ கேட்டார். புரியாவிட்டாலும் "யா" என்று தலையாட்டிப் பழகிய வாய், அதற்கும் "யா" என்றுவிட்டது. அவர் கேட்டது என்னவென்று நிவேதா விசாரித்து வந்து சொன்னாள். "உங்க ஊர்ல குப்பையை ரோட்டுலதானே போடுவீங்க?" அதற்குத்தான் நான் "யா" சொல்லியிருக்கிறேன். அந்த "யா"வை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

பக்கத்துக் கடை குழந்தைத் துணிக்கடை. போகவர அதற்குள் நுழைந்து, பிறந்த குழந்தைக்குப் போடும் பனியனைத் திருப்பிக் கழுத்துத் தையலைப் பார்ப்பேன். லேபிளில் இந்தியா என்று இருக்கும். எந்த ஊர் என்று தையல் சொல்லிவிடும்.

4

அந்த வருஷம் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது நிவேதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உணவுப் பொருளை அடைக்கக் கண்ணாடி நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா, எது பூமிக்குக் கெடுதி, எழுதி வா என்று. புத்தகத்தைப் பார்த்து முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டாள். கண்ணாடி கனம். உருக்க உலை சூடு வேண்டும். லாரிக்கு டீசல் ஜாஸ்தி. பிளாஸ்டிக் லேசு. ஆகவே பிளாஸ்டிக்.

மாமன் வீட்டுச் சமையலறைத் தராசில் இரண்டையும் வைத்துக் காட்டினாள். கண்ணாடி பாட்டில் அரைக் கிலோவுக்குக் கிட்டே வந்தது. அதே அளவு பிளாஸ்டிக் டப்பாவுக்குத் தராசு முள் அசையவே யோசித்தது.

"பாருங்க மாமா, ஒரு கிலோ ஊறுகாய்க்கு அரைக் கிலோ கண்ணாடியையும் சேர்த்து வண்டில சுமக்கிறீங்க."

"அதுஞ்செரிதான்" என்றார் அண்ணன். "ஆனா கண்ணு, உங்க டீச்சர் ஊட்டுல பாட்டிலு ஒருக்கா காலியானா ஒடனே உலைல போட்டு உருக்கிப்போடுவாங்களா? கழுவ மாட்டாங்களாமா?"

நிவேதா தராசை விட்டு நகர்ந்தாள். போய் ஒரு பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. அன்று சாயங்காலம் முழுக்கப் பாட்டில் அடியைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்லி, கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் ஒரு பொருளை இவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாள் காலை ஒன்பதே கால் மணிக்கு அந்தோணி போன் செய்தார். அண்ணனுடைய மூன்று சக்கர வண்டி எஞ்சின் போய் இரண்டு மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. சரக்கை வாடகை ஆட்டோவில் இறக்கிவிட்டார், காலியை ஏற்றிவர வாடகை கட்டுப்படியாகவில்லை. மூன்று ஷிப்ட் ஓடும் அந்தக் கேன்டீனில் மட்டும் நூற்றுத் தொண்ணூறு காலி பாட்டில் குவிந்திருந்தது. அதைப் பத்து மணிக்குள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், நாளைக்கு பையர் ஆட்கள் வந்து பார்க்கிற ஆடிட், பாட்டிலை எல்லாம் வெளியே போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அந்தோணி.

வண்டி முந்தின நாள்தான் ரிப்பேராகி வந்திருந்தது. உடனே கிளம்பினோம். நிவேதாவும் படமெடுக்க வருகிறேன் என்றாள். பாதி வழியில் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவள் குடிக்கத் தண்ணீர் எடுக்க மறந்துவிட்டேன். போன லீவில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். என் குணம் எனக்கே தெரியும், கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள் நான். முதல் கடையில் தண்ணீர் பாட்டில் மூடியின் சீல் லேசாக ஆடியது. வேண்டாம் என்றேன். இரண்டாவது கடையில் லேபிளில் தேதி அழிந்திருந்தது. மூன்றாவது கடையில் ஒவ்வொரு மூடியாகத் திருகிப் பார்த்து, பன்னிரண்டு பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினேன்.

"சரசு, மணியாச்சு" என்று அண்ணன் இரண்டு தரம் சொன்னார். "இதோ வந்துட்டேங்ணா" என்று இரண்டு தரம் சொன்னேன்.

5

பின்வாசலில் வண்டி நிற்கும்போதே சத்தம் கேட்டது. ஒரு பீகார்க்காரர் பாட்டிலைப் பெரிய இரும்பு டிரம்முக்குள் போடுகிறார், இன்னொருவர் கம்பியால் குத்துகிறார். டிரம் கழுத்து வரை நிறைந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு டிரம், அதுவும் நிறைந்திருந்தது. அந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, காலைலயே போன் அடிச்சேம்லா? படிச்சுப் படிச்சு சொன்னேன். பத்து மணி வரைக்கும் ஸ்டோர் வாசல்ல குறுக்க நின்னேன். அதுக்கு மேல எம்பேச்சு எடுபடல. நாலே நாலைத்தான் மேல உப்பைக் கொட்டி மூடி ஒளிச்சு வச்சிருக்கேன்."

அண்ணன் அவரைத் தாண்டிப் பிரபுவிடம் போனார். "ஏனுங்க, அது எம்பட பாட்டிலுங்க. குப்பையில்லீங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஆடிட்டுங்க. பையர் செக்லிஸ்ட்டுல கிளாஸ் ஜீரோன்னு போட்டிருக்குதுங்க. காம்பவுண்டுக்குள்ள ஒரு பாட்டில் கண்ணுல பட்டாலும் மேஜர் பாயின்ட்டுங்க. ஆர்டரே போயிருமுங்க."

"செரிங்க. வெளிய வெச்சிருந்தா நான் எடுத்துட்டுப் போயிருப்பனே? எதுக்குங்க ஒடைக்கோணும்?"

"முழுசாப் போட்டா டிரம்முல எடம் பத்தலைங்க. வேஸ்ட் வண்டி பதினொண்ணுக்கு வந்துருமுங்க."

"எடம் பத்தலையா? அப்ப உங்க பஸ்ஸுல எடம் பத்தாட்டி ஆளுகளையும் கம்பில குத்தித்தான் ஏத்துவீங்களா?"

குத்திக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கம்பியைக் கீழே வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அது யாருடைய பாட்டில் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

இந்தச் சட்டம் எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரியாதவள் போல நடிக்கவில்லை. செக்கிங்கில் இருந்தபோது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த மெஷினை ஓட்ட விட மாட்டார்கள். கிடைத்த துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி வைப்போம். ஒரு துண்டு கண்டுபிடிக்க முடியாமல் மண்டி போட்டு ராத்திரி ஒன்பது மணி வரை காந்தத்தோடு தேடியிருக்கிறேன். குழந்தைப் பனியனுக்குள் கண்ணாடிச் சில்லு போய்விட்டால்? அந்தப் பயம் நியாயமான பயம். தையல் ஹாலில் கண்ணாடி கூடாது. ஆனால் கேன்டீன் தையல் ஹால் இல்லை. நடுவில் ஒரு ரோடு, ஒரு சுவர், ஒரு கை கழுவும் தொட்டி. அதோடு, சில்லு ஆகிவிடும் என்று பயந்து இருநூறு பாட்டில்களை வாசலிலேயே சில்லாக்குகிறவர்களை என்ன சொல்வது?

அப்போதுதான் நிவேதா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பையர் எந்த நாடு?"

"ஜெர்மனி, பாப்பா" என்றார் பிரபு. சின்னப் பெண்ணிடம் பேச வேண்டியிருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆசுவாசம். "அவங்க இதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு. கண்ணாடின்னாலே ஆகாது அவங்களுக்கு."

நிவேதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு அவள் அம்மா எதை அடுக்கப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் கைக்குழந்தைக்குக் காய்கறி மசியல்கூடக் கண்ணாடிக் குப்பியில்தான் விற்கிறது. அவர்கள் குழந்தை தின்பது கண்ணாடியில். அந்தக் குழந்தைக்குப் பனியன் தைக்கிறவள் ஊறுகாய் தொட்டுக்கொள்ள மட்டும் கண்ணாடி ஆகாது.

அண்ணன் நோட்டை விரித்தார். "பாட்டிலுக்குப் பத்து ரூபாங்க. கையெழுத்து இருக்குது."

"அது கேன்டீன்காரர் கையெழுத்துங்க. அவருகிட்டக் கேளுங்க" என்றார் பிரபு.

"உடைச்சவன் எவனோ அவன்ட்ட கேளுங்க" என்றார் அந்தோணி. "நான் என்னத்த உடைச்சேன்? என் நெஞ்சுதான் உடைஞ்சு கெடக்கு."

எத்தனை உடைந்தது என்று கணக்கில்லையே என்றார் பிரபு. அண்ணன் அதற்கும் வாதாடவில்லை. வண்டியிலிருந்து சாக்கை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு டிரம்மைச் சாய்த்தார். பாட்டிலின் பக்கம் நொறுங்கினாலும் அடிப்பகுதி தடிமன், வட்டமாக அப்படியே இருக்கும். ஒவ்வொரு அடியாக எடுத்துத் தரையில் வரிசை வைத்தார். இரண்டு பீகார்க்காரர்களும் குனிந்து கூடவே எடுத்தார்கள். ஒரு பொட்டு, மூன்று பொட்டு, ஒன்பது பொட்டு. நிவேதா மேலே நின்று படமெடுத்தாள். மொத்தம் நூற்று எண்பத்தாறு. அந்தோணி ஒளித்து வைத்த நாலையும் சேர்த்தால் நோட்டுக் கணக்கு சரி.

பதினோரு மணிக்கு வேஸ்ட் வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

6

திரும்பி வரும்போது வண்டியின் பின்பக்கம் காலியாக இருந்தது. நாலு ஊறுகாய் பாட்டிலும் பன்னிரண்டு தண்ணீர் பாட்டிலும் உருண்டன. நிவேதா ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லை.

வாசலில் நங்கை நின்றிருந்தார். அண்டாவில் வெந்நீர் தயார். கழுவ வந்த இரண்டு பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சித்தெ முன்னால போயிருந்தாக் கெடைச்சிருக்குமல்லொ?" என்றார் நங்கை.

"வண்டி நடுவழில நின்னுபோச்சு" என்றார் அண்ணன். "இப்பத்தான ரிப்பேருப் பண்ணுனது, மொரண்டு பண்ணுது."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் அப்போதாவது வாயைத் திறந்து, இல்லை நங்கை, வண்டி நன்றாகத்தான் ஓடியது, நான்தான் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்கு மறுநாளும் போனது. பிளேன் ஏறிவிட்டேன். இதோ இங்கே எழுதியிருக்கிறேன். நங்கை படிக்கட்டும்.

அந்த ஆடிட்டுக்கு அப்புறம் வரிசையாக மற்ற கம்பெனிகளும் பாட்டிலை உள்ளே விடவில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று பயந்தது. நூற்று எண்பத்தாறு பாட்டில் போனதோடு முடிந்திருந்தால் அண்ணன் வேறு வாங்கிச் சமாளித்திருப்பார். உள்ளே போகவே வழி இல்லை என்றால் எத்தனை பாட்டில் இருந்து என்ன? இரண்டே மாதத்தில் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிவிட்டார். கழுவ வந்த பெண்களை நிறுத்திவிட்டார். ஒருத்தி பொங்கலூருக்கே திரும்பிப் போய்விட்டாளாம்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் கண்ணாடி ஒன்றும் தெய்வம் இல்லை. அடுப்புப் புகையில் நங்கைக்கு இருமல் இருந்தது. சோடா உப்பில் விரலெல்லாம் வெடிப்பு. கழுவின தண்ணீர் ஓடிய இடத்தில் கீரைகூட முளைக்கவில்லை. தூரத்து ஊருக்குக் கண்ணாடியில் அனுப்பி, ஒரே தடவையில் குப்பையில் போடுவதானால் என் மகள் முதலில் எழுதின கணக்கே சரி, அதற்குப் பிளாஸ்டிக்கே மேல். ஆனால் எங்கள் பாட்டில் பத்து கிலோமீட்டருக்குள் போய், திரும்பி, போய், திரும்பி, ஒன்பது வருஷம் உழைத்த பாட்டில். இதை அதோடு ஒரே தராசில் வைக்கலாமா? புது டப்பா ஒரு தடவை போகிறது, திரும்புவதில்லை. திரும்பி வர அதற்கு யாரும் பாட்டில் காசு மாதிரிக் கட்டிவைப்பதில்லை, பொட்டும் இல்லை. ஊருக்குள் அது எங்கே போகும் என்று திருப்பூரில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? விடிகாலையில் ரோட்டோரம் வேஸ்ட் துணியோடு சேர்த்துக் கொளுத்துவது பாதி. நொய்யல் ஆற்றுக்குப் போகிற சாக்கடையில் பாலத்தடியில் அடைத்து நிற்பது மீதி.

கார்த்திகை மாதம் போன் கார்டு போட்டுப் பேசினேன். அண்ணன் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி நலம் விசாரித்துக்கொண்டே போனார். கார்டில் காசு கரைகிறதே என்று எனக்குப் படபடப்பு.

"சரசு, நேத்து மழை பேஞ்சுதல்லொ, ஊட்டுக்கு முன்னால சாக்கடை பொங்கி வந்துருச்சு. நம்ம டப்பா ஏழெட்டு மெதந்து வந்து வாசல்ல நிக்குது. லேபிள் கிளியாம. அம்மா பேரு சாக்கடைல மெதக்குது சரசு. குச்சிய வெச்சு ஒவ்வொண்ணாத் தள்ளி எடுத்தேன். எவ்வளவுன்னு எடுக்கறது?"

7

நிவேதா பள்ளிக்கூடத்தில் முதலில் எழுதினதை எல்லாம் அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தாள். எத்தனை தடவை திரும்பி வருகிறது என்று கேட்காமல் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் ஒப்பிடக் கூடாது என்பதுதான் அவள் முடிவு. பொட்டு வைத்த படங்களை ஒட்டியிருந்தாள். டீச்சர் நடுத்தர மார்க் போட்டு, சிவப்பு மையில் கேட்டிருந்தார். ஆதாரம் எங்கே? எந்தப் புத்தகம்? மாமாவின் பாட்டில் அடி ஆதாரம் ஆகாது.

அன்றைக்கு அவள் கதவைச் சாத்தவில்லை. சமையலறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தப் பனியனை வாங்கற கம்பெனிக்கு லெட்டர் போடலாம். இங்க இருக்கற பெரிய ஆஃபீசுக்கு. நீ சொல்லு, நான் ஜெர்மன்ல எழுதறேன்."

எங்கள் விசா புதுப்பிக்கும் நேரம் அது. வெளிநாட்டார் அலுவலகத்தில் நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு நடைபாதையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, ஒரு காகிதம் குறைகிறது என்று திரும்பி வந்து, அந்தக் காகிதம் வாங்க இன்னொரு ஆபீசில் உட்கார்ந்துகொண்டிருந்தோம். இந்த நேரத்தில் இந்த ஊர்க் கம்பெனியை எதிர்த்து எழுதினால்? யாராவது கோப்பில் குறித்து வைத்தால்? அண்ணனுக்கு அங்கே மிச்சமிருக்கிற வியாபாரமும் போனால்?

"நீ எப்பவும் பயப்படற" என்றாள் நிவேதா. "பயந்துதான் பன்னெண்டு பாட்டில் வாங்கினே."

என் பிள்ளை கவனித்திருக்கிறாள். மாசக்கணக்காக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

அண்ணனைக் கேட்டேன். "எழுது, இனி போறதுக்கு என்ன இருக்குது" என்றார். அந்தோணிக்குப் போன் போட்டேன். அவர் அந்தக் கேன்டீனை விட்டு வேறு இடம் போயிருந்தார். பையர் கம்பெனியின் பேரைச் சொன்னதும் அவர்தான். "எழுதுங்க தாயி. எம்பேரைக் கொட்டை எழுத்துல போடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "எழுதறதா இருந்தா யாரு யாரு இருந்தாங்கன்னு எழுது. இல்லீன்னா கதைன்னு சொல்லிப்போடுவாங்க."

அப்படித்தான் எழுதினோம். யாரார் இருந்தார்கள், எத்தனை மணி, எத்தனை பாட்டில், ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு. தரையில் வரிசையாக வைத்த நூற்று எண்பத்தாறு வட்டங்களின் படத்தையும் வைத்தோம். இந்த ஊரில் எட்டு சென்ட் பாட்டிலுக்குக்கூடச் சீட்டுக் கொடுக்கிறீர்கள், எங்களுக்குச் சீட்டு எங்கே என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். நிவேதா அதை அப்படியே எழுதினாள். கையெழுத்து என்னுடையது.

ஏழு வாரம் கழித்து, போன வாரம் பதில் வந்தது. வழுவழுப்பான காகிதம். எங்கள் அக்கறைக்கு நன்றி. தங்கள் சப்ளையரிடம் விசாரித்ததில் அப்படி எந்தச் சம்பவமும் நடக்கவில்லை என்று உறுதி செய்திருக்கிறார். சுற்றுச்சூழலைக் காப்பது தங்கள் நிறுவனத்தின் உயிர்மூச்சு. விவரத்துக்கு இணைப்பைப் பார்க்கவும். இணைப்பு என்பது ஒரு கலர் புத்தகம். அட்டையில் பச்சை இலை. அந்தப் புத்தகத்தைக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள். நிவேதா உறையைப் பிரிக்காமல் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை பொட்டு அம்மா?" என்றாள்.

அடுத்த கடிதத்தை நேற்று ஆரம்பித்திருக்கிறாள். இந்த முறை நன்றி, அக்கறை எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் பேர் மறுபடியும் போட வேண்டும், தொகை கடைசி வரியில் தனியாக நிற்க வேண்டும். இந்த ஊர்க் காசில் முப்பது யூரோ சொச்சம் வரும், பக்கத்துக் கடையில் மூன்று குழந்தைப் பனியன் வாங்கலாம். வட்டி கேட்கவில்லை. இரண்டு பெண்களின் கூலியைச் சேர்க்கவில்லை. அம்மா பேருக்கு விலை போடத் தெரியவில்லை, அதையும் விட்டுவிட்டேன். பாட்டிலுக்கு மட்டும் கேட்கிறேன்.

நூற்று எண்பத்தாறு பாட்டில், ஒன்றுக்குப் பத்து ரூபாய் வீதம், அண்ணன் துரைசாமிக்கு இன்னும் வர வேண்டிய பாக்கி: ரூபாய் ஆயிரத்து எண்ணூற்று அறுபது.